இடைவெளியும் ஓர் எழுத்துதான்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர் பத்தி அரை மணி நேரம் பேசுங்க சார்" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். செயற்கை அறிவு, எதிர்காலம் என்று ஏதாவது பெரிய தலைப்பாகக் கொடுப்பேன் என்று நினைத்திருப்பார். "ஸ்பேஸும் டேப்பும்" என்று நான் தலைப்பு கொடுத்ததும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நீங்களும் இப்போது சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. கீபோர்டில் நீளமாகக் கிடக்கும் ஒரு கட்டை, இடது ஓரத்தில் க்யூ எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டை. ரெண்டையும் அழுத்தினால் திரையில் ஒன்றும் விழுவதில்லை. இதற்கு ஒரு சொற்பொழிவா?

முப்பது வருஷம் யூனிக்ஸ் இயந்திரங்களில் பட்டியல்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். என் மேஜைக்கு வந்த தப்பான ரிப்போர்ட்டுகளில் பலவற்றுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத இந்த ரெண்டு பேர்தான். அதிலும் நம் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் கையாளுகிறவர்களுக்கு இவர்களால் வரும் தொல்லை கொஞ்சம் அதிகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஓலையில் இல்லாத இடைவெளி

இங்கே தமிழ்த்துறை மாணவர்களும் இருக்கிறீர்கள். நன்னூலில் தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று படித்திருப்பீர்கள். பொதுமொழிக்கு ஆசிரியர்கள் சொல்லும் உதாரணம் தாமரை. சேர்த்துப் படித்தால் பூ. 'தா' என்று நிறுத்தி 'மரை' என்று படித்தால் தாவுகிற மான். வேங்கை என்றால் மரம், புலி. 'வேம் கை' என்றால் வேகின்ற கை. எழுத்து ஒன்றும் மாறவில்லை. நடுவில் ஒரு இடைவெளி வந்தது, பொருள் மாறிவிட்டது.

ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். படிக்கிறவர்தான் பதம் பிரித்துக்கொள்ள வேண்டும். அச்சு வந்த பிறகு நிலைமை மாறியது. சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், தம் உரைநடை நூல்களில் சந்தி பிரித்து, நிறுத்தற்குறி இட்டு எளிமையாக்கியதைத் தமிழாசிரியர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இடைவெளி என்பது வாசகனுக்குச் செய்யும் உதவி என்று அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓலையைப் படித்த புலவருக்குப் பொருள் தெரியும். அதனால் பிரிக்கத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் பொருள் தெரியாது. எங்கே பிரிப்பது என்று நாம் எழுதிக் காட்டினால்தான் உண்டு. தப்பான இடத்தில் காட்டினால் தப்பான இடத்தில்தான் வெட்டும். நம் பேச்சு இனிமேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பாடம்

என் வயதுக்காரர்கள் பலர் கல்லூரி விட்டதும் நேராக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்கள். லோயர், ஹையர் பரீட்சைக்கு 'ஸ்டேட்மெண்ட்' என்று ஒன்று அடிக்க வேண்டும், ஞாபகம் இருக்கா? பத்தி பத்தியாகப் புள்ளிவிவரம். ஒவ்வொரு பத்தியும் எங்கே தொடங்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டு, அங்கங்கே நிறுத்தம் வைத்துவிட்டு, டேப் கட்டையைத் தட்டினால் வண்டி சர்ரென்று ஓடி அந்த இடத்தில் போய் நிற்கும். டேப் என்ற பெயரே டாபுலேட்டர் என்பதன் சுருக்கம்தான். அட்டவணை போட உதவுவது.

டைப்ரைட்டரில் ஸ்பேஸை எட்டுத் தரம் தட்டினாலும் டேப்பை ஒரு தரம் தட்டினாலும் காகிதத்தில் விளைவு ஒன்றுதான்: வெற்றுக் காகிதம். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஆஸ்கி அட்டவணைப்படி ஸ்பேஸுக்கு எண் 32. டேப்புக்கு எண் 9. எட்டு ஸ்பேஸ் என்றால் ஃபைலில் எட்டு எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு டேப் என்றால் ஒரே எழுத்து. திரையில் ரெண்டும் ஒரே மாதிரி. நம் கண் டைப்ரைட்டர் காலத்துக் கண். கம்ப்யூட்டர் எண்களைத்தான் பார்க்கிறது.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். சின்னச் சின்னக் கட்டளைகள், ஒவ்வொன்றும் ஒரே வேலை, ஒன்றின் விடையை அடுத்தது வாங்கிக்கொள்ளும். அவற்றுக்கு நடுவே ஓடுவது வெறும் எழுத்து வரிகள். அந்த வரிகளைப் பத்தியாகப் பிரிக்கும் வேலி பல சமயம் இந்த ஸ்பேஸும் டேப்பும்தான். வேலி எங்கே என்பதில் கட்டளைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அங்கேதான் வம்பு ஆரம்பம்.

'கட்' என்ற கட்டளை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டேப்பைத்தான் வேலியாக எடுத்துக்கொள்ளும். ஸ்பேஸ்தான் வேலி என்று சொன்னால் ஒவ்வொரு ஸ்பேஸையும் தனித்தனி வேலியாக எண்ணும். நடுவில் மூன்று ஸ்பேஸ் இருந்தால் ரெண்டு காலிப் பத்தி இருப்பதாக முடிவு கட்டும். 1977இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹான் மூவரும் எழுதிய 'ஆக்' வேறு சுபாவம். ஸ்பேஸ், டேப் எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே வேலி என்று எடுத்துக்கொள்ளும். வரியின் தொடக்கத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளாது. அதே ஆக்கிடம் "டேப்தான் வேலி" என்று சொல்லிவிட்டால், உடனே கறாராகி ஒவ்வொரு டேப்பையும் தனியாக எண்ணும். 'சார்ட்' மூன்றாவது ரகம். இரண்டாம் பத்தியை வைத்து வரிசைப்படுத்து என்றால், அதற்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸையும் அந்தப் பத்தியோடு சேர்த்துக்கொள்ளும். 'மைனஸ் பி' போட்டால்தான் விடும். ஆக, ஒரே ஃபைலை மூன்று பேரிடம் கொடுத்தால் மூன்று விதமாகப் பங்கு பிரிப்பார்கள்.

ஊருக்கே இனிஷியல்

இப்போது நம் ஊருக்கு வருவோம். கடலூர் முதுநகர் ரெண்டு சொல். அண்ணாமலை நகர் ரெண்டு சொல். காட்டுமன்னார்கோயிலை ஒருவர் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் பிரித்து எழுதுவார். பழைய ஆங்கிலப் பதிவுகளில் பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ', அதுவும் ரெண்டு. போதாக்குறைக்கு நம்ம பக்கத்தில் ஊருக்கே இனிஷியல் உண்டு. பி.முட்லூர், சி.முட்லூர்! புள்ளிக்குப் பின்னால் இடம் விடுவதா வேண்டாமா என்பது எழுதுகிறவர் கைப்பழக்கம். ஆள் பெயர் கேட்கவே வேண்டாம். ஆர்.குமார், ஆர். குமார், குமார் ஆர் என்று ஒரே ஆள் மூன்று விதமாக இருப்பார். இதெல்லாம் தப்பு இல்லை, நம் பெயர் முறை அப்படி.

பெயர், ஊர், தொகை என்று ஒரு பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் போட்டு அடித்திருக்கிறார்கள். 'ஆர்.குமார் சிதம்பரம் 1500' என்ற வரியில் மூன்றாவது பத்தி 1500. 'ஆர். குமார் சிதம்பரம் 1500' என்றால் மூன்றாவது பத்தி சிதம்பரம்! 'ஆர். குமார் சி. முட்லூர் 1500' என்றால் மூன்றாவது பத்தி வெறும் 'சி.' மட்டும். மூன்றாம் பத்தியைக் கூட்டிச் சொல் என்று ஆக்கிடம் சொன்னால் அது கோபித்துக்கொள்ளாது. எண் இல்லாத இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பேசாமல் கூட்டிக்கொண்டு போகும். பிழைச் செய்தி வராது, மணி அடிக்காது. கடைசியில் கச்சிதமாக ஒரு மொத்தத் தொகை வரும், தப்பாக.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கூரை போன வீடுகளுக்குத் தார்ப்பாயும் கொஞ்சம் பணமும் கொடுக்கத் தன்னார்வக் குழு ஒன்று இறங்கியது. பெயரெல்லாம் வேண்டாம். ஊர் ஊராக நோட்டில் எழுதி வந்ததை மூன்று பேர் உட்கார்ந்து அடித்தார்கள். ஒருவர் ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கினார். ஒருவர் டேப். இன்னொருவர் எக்ஸெல்லில் அடித்து ஒட்டினார். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டியபோது வந்த மொத்தம், குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் நோட்டில் பேனாவால் கூட்டிய மொத்தத்தை விடக் குறைவு. "மெஷின் சொல்றது தப்பு" என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பார்த்தால், தொகை பூஜ்யமாகிப் போனவர்கள் யார்? புள்ளிக்குப் பின்னால் இடம் விட்டு எழுதப்பட்டவர்கள், ரெண்டு சொல் ஊர்க்காரர்கள். இன்னொரு கூட்டமும் விட்டுப்போயிருந்தது. கணக்கெடுப்புப் பட்டியலையும் டோக்கன் பட்டியலையும் குடும்ப அட்டை எண்ணை வைத்து 'ஜாயின்' கட்டளையால் இணைத்திருந்தார்கள். டேப்தான் வேலி. சில அட்டை எண்களுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. நம் கண்ணுக்கு ரெண்டும் ஒரே எண். ஜாயினுக்கு வேறு வேறு. பொருந்தாத வரியை ஜாயின் சத்தமில்லாமல் விட்டுவிடும். கூரை இல்லாமல் குளிரில் இருக்கும் ஒரு குடும்பம், ஒரு ஸ்பேஸால் பட்டியலை விட்டு வெளியே. அந்த வாத்தியார் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். நல்ல வேளை, பட்டுவாடாவுக்கு முன்பே சரிசெய்துவிட்டோம்.

என்ன செய்தோம்?

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் இதே வரிசைதான்.

முதலில், வந்த ஃபைலைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

இரண்டாவது, தெரியாததைத் தெரியும்படி செய்து பாருங்கள். லினக்ஸில் 'கேட்' கட்டளையோடு மைனஸ் போட்டுப் பெரிய ஏ கொடுத்தால், டேப் இருக்கும் இடமெல்லாம் கூரைக் குறியும் ஐ எழுத்துமாகத் தெரியும். வரி முடிகிற இடத்தில் டாலர் குறி நிற்கும். டாலருக்கு முன்னால் காலி இடம் இருந்தால், அதுதான் ஒட்டிக்கொண்ட ஸ்பேஸ். டாலருக்கு முன்னால் கூரையும் எம் எழுத்தும் இருந்தால் அது விண்டோஸிலிருந்து வந்த ஃபைல். வரிக் கடைசியில் 13ஆம் எண் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் 'ஓ.டி. மைனஸ் சி' போட்டு ஒவ்வொரு பைட்டாகப் பார்த்துவிடுங்கள். வலைப்பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ வெட்டி ஒட்டினதில் ஸ்பேஸ் மாதிரியே தோன்றும் வேறொரு எழுத்தும் வரும். 'பிரியாத ஸ்பேஸ்' என்று அதற்குப் பெயர். எண் 32 அல்ல, 160. ஸ்பேஸைத் தேடு என்று சொன்னால் அது அகப்படாது.

மூன்றாவது, சுத்தம். 13ஆம் எண்ணை 'டி.ஆர். மைனஸ் டி' நீக்கிவிடும். அடுத்தடுத்து வரும் ஸ்பேஸ்களை 'டி.ஆர். மைனஸ் எஸ்' ஒன்றாகச் சுருக்கும். வரிக் கடைசியில் தொங்குவதை 'செட்' வெட்டிவிடும். வேலிக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருப்பதையும் அதே செட்டைக் கொண்டு எடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: வெற்றிடம் எல்லாவற்றையும் நீக்கு என்று டி.ஆரிடம் 'ஸ்பேஸ்' வகுப்பைக் கொடுத்தீர்களானால், வரி முடிவும் அதில் சேர்த்தி. முழு ஃபைலும் ஒரே வரியாகிவிடும். ஸ்பேஸும் டேப்பும் மட்டும் வேண்டுமென்றால் 'பிளாங்க்' வகுப்பைக் கொடுங்கள்.

நான்காவது, வேலியை முடிவு செய்யுங்கள். நம் பெயர்களுக்குள்ளேயே ஸ்பேஸ் இருப்பதால் ஸ்பேஸ் வேலியாக இருக்க லாயக்கில்லை. முகவரியில் கமா வரும். எந்தப் பெயருக்குள்ளும் வராத எழுத்து டேப். அதனால் டேப்பை வையுங்கள், ஆனால் ஒரு இடத்துக்கு ஒன்றே ஒன்று. சின்னப் பெயர் வந்தால் அடுத்த பத்தி நேராக நிற்காது. உடனே கை இன்னொரு டேப்பைத் தட்டப் பார்க்கும். தட்டினால் ஒரு காலிப் பத்தி பிறந்துவிடும். பார்வைக்கு நேராக இருக்கணும்னு நினைச்சா கணக்கு கோணிப்போகும். அழகாக அச்சிட வேண்டுமா? கடைசியில் 'எக்ஸ்பாண்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, எட்டெட்டு இடமாக நிறுத்தம் வைத்து டேப்பை ஸ்பேஸாக விரித்துக் கொடுக்கும். அது அச்சுக்கு மட்டும். விரித்த ஃபைலைத் திரும்ப மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. டேப் வேலி என்று சொல்லி, ஒவ்வொரு வரியிலும் எத்தனை பத்தி என்று ஆக்கைக் கேளுங்கள். விடையை சார்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து 'யூனிக் மைனஸ் சி'க்கு அனுப்புங்கள். எல்லா வரியிலும் 5 பத்தி என்றால் ஒரே ஒரு விடை வரும். 4, 6 என்று வேறு எண்ணும் கூட வந்தால், சொதப்பல் எத்தனை வரியில் என்பது கையில் வந்துவிட்டது. பத்து விநாடி வேலை.

ஆறாவது, ஜாயின் போடும்போது 'மைனஸ் வி' கொடுத்துப் பொருந்தாதவர்களையும் தனியே எடுத்துப் பாருங்கள். பட்டியலில் வந்தவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். வராதவர்களை நாம்தான் தேட வேண்டும்.

ஃபைல் பெயரிலும் இதே கதைதான். 'பட்டியல் பழையது' என்று இடம் விட்டு ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்துவிட்டு, மேற்கோள் குறி போடாமல் அதை அழிக்கச் சொன்னால், யூனிக்ஸ் 'பட்டியல்' என்று ஒன்றையும் 'பழையது' என்று ஒன்றையும் தேடும். 'பட்டியல்' என்ற பெயரில் நல்ல ஃபைல் இருந்தால், போச்சு! அழிந்துபோகும். நீங்கள் அழிக்க நினைத்தது அப்படியே இருக்கும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது எழுத்திலிருந்து இருபதாவது எழுத்துவரை வெட்டு என்று இடம் எண்ணி வெட்டும் பழைய பழக்கம் தமிழுக்கு ஒத்துவராது. யூ.டி.எஃப்.-8 முறையில் 'க' என்பது 3 பைட், 'கு' என்பது 6 பைட். பல லினக்ஸ்களில் கட் கட்டளை எழுத்து என்று சொன்னாலும் பைட்டைத்தான் எண்ணும். எழுத்தின் நடுவே கத்தி விழும். தமிழுக்கு வேலி வைத்துப் பிரிப்பதுதான் பாதுகாப்பு.

ஒரு டேப்பின் ஆயுள்

பெரியவர்களும் இந்த வலையில் சிக்கியிருக்கிறார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் 'மேக்' என்ற கருவியை எழுதினார். கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்று அவசரத்துக்கு ஒரு விதி வைத்தார். சில வாரத்தில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள். இனிமேல் மாற்றினால் அவர்களுக்குச் சிரமம் என்று விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த மேக்குக்காக 2003இல் அவருக்கு ஏ.சி.எம். விருது கிடைத்தது. டஜன் பேருக்காக விட்ட அந்த டேப், இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்களைப் படுத்துகிறது. டேப்புக்குப் பதில் எட்டு ஸ்பேஸ் அடித்துவிட்டு "சரியாத்தானே சார் இருக்கு" என்று லேபில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். வேலியை எங்கே போடுவது என்று முதல் நாளே யோசித்து வையுங்கள், பிறகு மாற்றுவது சுலபமில்லை.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் உறுப்பினர் முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கப் போவதாகச் செயலாளர் சொன்னார். இனிஷியலுக்கு ஒரு பத்தி, பெயருக்கு ஒரு பத்தி, படித்து முடித்த ஆண்டு, ஊர், பின்கோடு என்று தனித்தனியாக வைத்து, நடுவே ஒரே ஒரு டேப் போடுங்கள். பின்கோடைக் கடிதத்தில் 608 001 என்று நடுவில் இடம் விட்டு எழுதுவோம். பட்டியலில் 608001 என்று சேர்த்தே அடியுங்கள். இல்லாவிட்டால் ஒரே சிதம்பரம் ரெண்டு சிதம்பரமாகிவிடும். அடித்து முடித்ததும் பழைய ரிஜிஸ்டரில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு தலை குறைந்தாலும் யார் என்று தேடுங்கள். நாற்பது வருஷம் கழித்து ஒருவரைக் கூப்பிட நினைக்கிறோம். புள்ளிக்குப் பின்னால் இருந்த ஒரு ஸ்பேஸுக்காக அவருக்கு அழைப்பிதழ் போகாமல் இருக்கக் கூடாது.

இந்த வேலைக்கு இரண்டு மூன்று மாணவர்கள் முன்வந்தால், உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க நான் தயார். சாயங்காலம் தேநீர் நேரத்தில் என்னைப் பாருங்கள்.